வளைவுக்கு ஒரு கேள்வி

ஒரு விடுகதை போடறேன், விடை சொல்லுங்க சார். நாற்பது பேர் வழியில நிக்கறாங்க. ஒருத்தர் கண்ணுல இன்னொருத்தர் படமாட்டாங்க. கிட்டப் போனா ஒவ்வொருத்தரும் நம்மளை வந்த பக்கமே திருப்பி விடுவாங்க. நாற்பது பேரும் திருப்பி விட்டாலும் நாம போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுவோம். யார் அந்த நாற்பது பேர்?

யோசிங்க, அவசரமில்ல. ஆழியாறு செக்போஸ்ட்ல டீ குடிக்க இறங்கி பஸ்ஸை விட்டுட்டீங்க. வால்பாறை போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். பெல்ட் போட்டுக்கங்க. சீட்ல இருக்கற என் லேப்டாப்பைப் பின்னாடி வைக்காதீங்க சார், வளைவுல உருண்டு விழும். மடியில வச்சுக்கங்க. கனமா இருக்காது.

அதோ போர்டு. நாற்பதுல ஒண்ணு. ஆமா, கொண்டை ஊசி வளைவுதான் விடை. நீங்க போர்டைப் பார்த்துச் சொன்னீங்க, பரவாயில்ல. என் மக பெனிட்டா பார்க்காமலே சொல்லிட்டா. ஆறாவது படிக்கறா, பொள்ளாச்சியில ஹாஸ்டல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல கூட்டிக்கிட்டுப் போவேன், திங்கட்கிழமை விடிகாலையில கீழ கொண்டு வந்து விடுவேன். சனி ஞாயிறு எனக்கு டூரிஸ்ட் சவாரி, வீட்டுல இருக்கவே மாட்டேன். அதனால அவளுக்கும் எனக்கும்னு இருக்கறது இந்த ரோடு மட்டும்தான் சார். வாரத்துக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம்.

டாக்சி ஏன் காலியா மேல போகுதுன்னு நீங்க கேட்கல. நானே சொல்றேன். இன்னைக்குக் காலையில வால்பாறையில இருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடியே காலியா வந்தேன். அறுபத்து நாலு கிலோமீட்டர். முந்தல, ஹார்ன் அடிக்கல. டிரைவர் ரெண்டு இடத்துல கையை வெளிய நீட்டி, முந்திக்கோன்னு காட்டினார். நான் முந்தல. பஸ்ஸோட இடது பக்கம் நாலாவது ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டே வந்தேன். ஏன்னு சொல்லணும்னா ஜூன் மாசத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

ஜூன் மாசம் அவளை ஹாஸ்டல்ல சேர்த்தோம். முதல் திங்கட்கிழமையே இறங்கும்போது வாந்தி. முப்பத்தோராவது வளைவு, மேல இருந்து எண்ணினா பத்தாவது. ரெண்டாவது திங்கட்கிழமை முப்பத்து மூணு. யூனிஃபார்ம் எல்லாம் வீணாப் போய், ஹாஸ்டல் சிஸ்டர் வேற துணி மாத்தி, மத்தியானம் வரைக்கும் படுக்க வச்சிருந்தாங்க. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே கதை. என் மனைவி ரோசலின் எஸ்டேட் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறா. மாத்திரை கொடுத்தா. மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்துச்சு. ‘ஏங்க, மத்த பிள்ளைங்க மாதிரி பஸ்ல அனுப்பிடலாம்’னா. எனக்குக் கோபம் வந்துச்சு. சொந்தமா கார் வச்சிருக்கறவன் மகளை எதுக்கு சார் பஸ்ல அனுப்பணும்?

மேல ஏறும்போது அவளுக்கு ஒண்ணுமே ஆகாது. அதைத்தான் நீங்க கவனிக்கணும். வெள்ளிக்கிழமை கார்ல ஏறினதும் கண்ணை மூடிப்பா, வீட்டு வாசல்லதான் திறப்பா. நல்ல தூக்கம். தூங்கறவகிட்ட கேள்வியும் கேட்க முடியாது. ஆனா இறங்கும்போது மட்டும் வாந்தி. அப்ப ஏறும்போது இல்லாத ஏதோ ஒண்ணு இறங்கும்போது இருக்கணும். நான் ஒரு மாசம் மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சேன். இன்ஜின். வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, திரும்பினதும் மறுபடி லேசா மிதிச்சா, இந்த வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டு வெடுக்குனு வெட்டும். பெரியவங்களுக்குத் தெரியாது. சின்ன வயிறு, அதுக்குத் தெரியும்.

என்ன கேள்வின்னு கேட்டீங்களா? அதைச் சொல்லாம விட்டுட்டேனே. வளைவுக்கு ஒரு கேள்வி சார். நான் சும்மா வண்டி ஓட்டறவன் இல்ல. நாற்பது வளைவு, நாற்பது கேள்வி. பொது அறிவு, வாய்ப்பாடு, தலைநகரம், நடுவுல விடுகதை. வளைவுல நுழையும்போது கேள்வி, வெளிய வர்றதுக்குள்ள பதில். நான் பத்தாவதோட நின்னவன், கேட்கறதுக்கு எனக்கு யாரும் இல்ல. அவளுக்கு நான் இருக்கேன். நாற்பதுக்கு இருபத்தெட்டுக்கு மேல அவ எடுத்ததில்ல. வாந்தி வந்துட்டா அதுக்கப்புறம் பதில் சொல்லமாட்டா, அந்த மார்க் எல்லாம் போயிடும். அதனாலயும்தான் இதைச் சரி பண்ணணும்னு நினைச்சேன்.

அஞ்சாவது வளைவு. பதினேழை ஏழால பெருக்கினா? விடுங்க, விருந்தாளி நீங்க.

பொள்ளாச்சியில சிக்கந்தர்னு ஒரு மெக்கானிக், நம்ம பையன். அவன்கிட்ட சொன்னேன். ஓட்டிப் பார்த்துட்டு, ‘அண்ணே, இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல, கம்பெனியில இருந்து வரும்போதே இதோட சுபாவம் இப்படித்தான்’னான். சுபாவத்தை மாத்த முடியாதான்னு கேட்டேன். இப்ப எல்லாம் அது கம்ப்யூட்டர்ல இருக்கு, லேப்டாப்பைச் செருகி மாத்தறவங்க கோயமுத்தூர்ல இருக்காங்க, ரேஸ் ஓட்டற பசங்க செய்வாங்கன்னான். சரி, நாமே கத்துக்கலாம்னு பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கினேன். ஒரு கேபிள் வரவழைச்சேன். ஸ்டியரிங்குக்குக் கீழ, என் முழங்கால் பக்கம் ஒரு சாக்கெட் இருக்கு பாருங்க, அங்கதான் செருகணும்.

முதல் பாடம் என்ன தெரியுமா சார்? ஒண்ணையும் மாத்தக்கூடாது. பார்க்கணும். வீடியோவில ஒரு வெள்ளைக்காரன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். இன்ஜின் என்ன செய்யுதுன்னு தெரியாம கையை வைக்காதே, முதல்ல ஒரு மாசம் கவனின்னு. நான் கவனிச்சேன். எத்தனை சுத்து சுத்துது, எவ்வளவு சூடு, எவ்வளவு காத்து உள்ள போகுது, பெட்ரோல் எப்ப விழுது, பொறி எப்ப அடிக்குது, எல்லாம் நம்பரா திரையில ஓடும். இந்த இன்ஜினைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல சார். எந்த வளைவுல எத்தனை டிகிரி சூட்டுல இருக்கும்னு கேளுங்க, தூக்கத்துல சொல்வேன்.

ஆனா ஓட்டறவன் திரையைப் பார்க்க முடியாதே. யாராவது பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கணும். பெனிதான் வாசிப்பா. லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு, ‘ஆயிரத்து நானூறு, பதினொண்ணு, எண்பத்தொன்பது’ன்னு. ரொம்பச் சின்ன எழுத்து, குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். குனிஞ்சே வாசிப்பா. அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்காதீங்க, நான் ரோட்டைப் பார்க்கணும். கேள்வியையும் நான் விடல. நம்பர் வாசிக்கணும், நடுவுல கேள்விக்கும் பதில் சொல்லணும். கெட்டிக்காரி.

ஒன்பதாவது வளைவு வந்துடுச்சு. எல்லாரும் இங்க இறங்கி டேமைப் பார்ப்பாங்க. நாம நிக்க வேண்டாம். இந்த இடத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ரெண்டாவது பாடம், கம்பெனிக்காரன் எழுதி வச்சதை அப்படியே எடுத்து ரெண்டு இடத்துல பத்திரமா வைக்கணும். வச்சேன். மூணாவது பாடம்தான் வேலை. ஆக்சிலேட்டரை இவ்வளவு மிதிச்சா இவ்வளவு காத்தை உள்ள விடுன்னு ஒரு பெரிய வாய்ப்பாடு இருக்கு, கட்டம் கட்டமா. அதுல ஒரு நம்பரை மாத்தணும், ஓட்டிப் பார்க்கணும், பிடிக்கலைன்னா பழையதை எழுதணும். ஒரு தடவைக்கு ஒரு நம்பர்தான். அவசரக்காரனுக்கு இது சரிவராது. எனக்குப் பொறுமை உண்டு.

முதல்ல கூட்டினேன். தொட்டாலே வண்டி குதிச்சுச்சு. அன்னைக்கு முப்பத்தெட்டாவது வளைவுலயே வாந்தி. குறைச்சேன். வண்டி செத்த பாம்பு மாதிரி ஊர்ந்துச்சு, டூரிஸ்ட்காரங்க திட்டினாங்க. பொறி அடிக்கற நேரத்தை முன்னாடி தள்ளிப் பார்த்தேன். இன்ஜினுக்குள்ள சோளம் பொரியற மாதிரி சத்தம் வந்துச்சு, பயந்து பழையபடி வச்சேன். இப்படி எத்தனை திங்கட்கிழமை. ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதினேன். தேதி, எந்த நம்பரை மாத்தினேன், எத்தனாவது வளைவுல வாந்தி. அந்தக் கடைசி வரிசைதான் முக்கியம். ஆகஸ்ட்ல முப்பதுல இருந்துச்சா, செப்டம்பர்ல இருபத்திரண்டு. அக்டோபர்ல பத்தொன்பது, பதினேழு, பதினாலு. இறங்கும்போது நம்பர் குறையக் குறைய நல்லது சார், கீழ வரைக்கும் தாங்கியிருக்கான்னு அர்த்தம். பதினாலுன்னு வந்த அன்னைக்கு நான் வண்டியை நிறுத்திட்டு அவளுக்கு நோட்டைக் காட்டினேன். பாரு பாப்பா, அப்பா இன்ஜினை எங்க கொண்டு வந்துட்டேன்னு. அவ வாயைத் துடைச்சுக்கிட்டே, ‘நான் பதினாலு வரைக்கும் அடக்கிக்கிட்டு வந்தேன்ப்பா’ன்னா. அடக்க முடியற அளவுக்கு வெட்டு குறைஞ்சிருக்கு பார்த்தீங்களா?

அன்னைக்கு அவளே ஒரு விடுகதை போட்டா. ஒன்பது வருஷமா நான் போடறேன், அவ போட்டது அது ஒண்ணுதான். ‘ரெண்டு பேர் ஒண்ணா போறாங்க. ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருப்பார், பதில் அவர் காதுல விழாது. யாருப்பா?’ன்னா. நான் ஒரு வளைவு கூட எடுத்துக்கல. லேப்டாப்பும் இன்ஜினும்னு சொல்லிட்டேன். லேப்டாப் கேட்டுக்கிட்டேதான இருக்கு, இன்ஜினுக்கு இவ்வளவு, அவ்வளவுன்னு. அவ ‘சரிப்பா’ன்னா. அப்பனுக்கு ஒரு மார்க்.

இந்தக் கணக்குல போனா நவம்பர் முடியறதுக்குள்ள பூஜ்யம். நாற்பது வளைவும் தாண்டி ஆழியாறு போய்ச் சேர்ந்துடுவோம், நாற்பது கேள்விக்கும் பதில் வந்துடும். அப்படித்தான் சார் போய்க்கிட்டு இருந்துச்சு. போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை, பத்தாவது வளைவு தாண்டியும் அவ வாந்தி எடுக்கல. நம்பர் வாசிக்கறதை எப்பவோ நிறுத்திட்டா, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அப்புறம் சொல்றேன்னு நான் விட்ட அந்த வியூ பாயிண்ட்ல, ஒன்பதாவது வளைவுல, கதவைத் திறந்து இறங்கி எடுத்தா. ஒன்பது. அதுவரைக்கும் அவ்வளவு குறைஞ்சதே இல்ல.

எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. இன்னும் ஒரே ஒரு கட்டம். எந்தக் கட்டம்னும் தெரிஞ்சுபோச்சு, கண்ணு முன்னாடி நிக்குது. அங்கயே எழுதிடலாம்னு முடிவு பண்ணினேன். இன்ஜினை அணைச்சு, சாவியை மட்டும் ஆன்ல வச்சு, லேப்டாப்ல இருந்து எழுத ஆரம்பிச்சா பதினோரு நிமிஷம் ஆகும். அந்தப் பதினோரு நிமிஷம் வண்டியில யாரும் எதையும் தொடக்கூடாது. கதவைத் திறந்தா உள்ள லைட் எரியும், ஜன்னலை இறக்கினா மோட்டார் ஓடும், பேட்டரியில கரண்ட் இறங்கும், பாதியில நின்னுடும். எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் போட்டு வைன்னு அந்த வீடியோக்காரன் சொல்லியிருந்தான். மலையில சார்ஜருக்கு எங்க சார் போறது? பேட்டரி கொஞ்சம் பழசுதான். இருந்தாலும் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு.

குரங்குத் தொல்லைன்னு ஜன்னல் எல்லாம் ஏத்தி இருந்துச்சு. வாய் கொப்பளிச்சுட்டு வந்தவளை முன் சீட்ல உட்கார வச்சு, லேப்டாப்பை அவ மடியில கொடுத்தேன். எதையும் தொடாதே பாப்பா, எத்தனை சதவீதம் ஆச்சுன்னு மட்டும் வாசின்னேன். வாசிச்சா. பத்து, இருபது, முப்பத்தஞ்சு. வெயில் கண்ணாடியில நேரா அடிச்சுச்சு. அம்பது கிட்ட, ‘அப்பா, வருதுப்பா’ன்னா. அஞ்சு நிமிஷம்தான் கண்ணு, தொடாதேன்னேன். வண்டி ஓடல, இன்ஜினே அணைஞ்சு கிடக்கு, வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. அப்ப ஏன் வருதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல சார். அறுபத்திரண்டு சதவீதத்துல ஜன்னல் பட்டனை அமுக்கிட்டா. கண்ணாடி பாதி இறங்குச்சு. திரையில ஓடிக்கிட்டிருந்த கோடு நின்னுச்சு. அவ தலையை வெளிய நீட்டி வாந்தி எடுத்தா. ஒரு கையால லேப்டாப்பைப் பிடிச்சுக்கிட்டேதான் எடுத்தா. அதை மட்டும் அவ விடல.

வண்டி செத்துடுச்சு. சாவியைத் திருப்பினா டிக்குனு கூட இல்ல. மேல எழுதினது பாதி, கீழ பழையது பாதி, இன்ஜினோட கம்ப்யூட்டருக்கு அது யாருன்னே மறந்துபோச்சு.

நான் ஒரு வார்த்தை திட்டல சார். நீங்க என்னைப் பத்தி தப்பா நினைக்கக் கூடாது. கை நீட்டல, குரலை உயர்த்தல. கேள்விதான் கேட்டேன். தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?

‘மூணு தடவைப்பா’ன்னா.

பதில் சரி. மூணு தடவைதான் சொல்லியிருந்தேன்.

அப்புறம் வால்பாறை பஸ் கீழ வந்துச்சு. கண்டக்டர் தெரிஞ்சவர், ஏத்திவிட்டேன். கையில ரெண்டு பாலித்தீன் பை கொடுத்து அனுப்பினேன். கயித்தைக் கட்டி வண்டியை சிக்கந்தர்கிட்ட கொண்டு போறதுக்கு மத்தியானம் ஆச்சு. சாயங்காலம் ஹாஸ்டலுக்கு ஃபோன் போட்டேன். சிஸ்டர் எடுத்தாங்க. பெனிட்டா இன்னைக்கு எல்லா பீரியடும் உட்கார்ந்தா, மத்தியானம் ரெண்டாவது தடவை சோறு வாங்கினான்னாங்க. அந்தப் பைகளை மடிச்சு கண்டக்டர்கிட்டயே கொடுத்துட்டாளாம். அந்த வெள்ளிக்கிழமை பஸ்லயே மேல வந்தா, போன திங்கட்கிழமை பஸ்லயே கீழ போனா, இந்த வெள்ளிக்கிழமையும் பஸ். ஒண்ணும் ஆகல. நான் யோசிச்சுப் பார்த்தேன். பஸ் நீளமான வண்டி, டீசல் இன்ஜின், மெதுவா இழுக்கும். வெட்டு இருக்காது. காரணம் அதுதான்.

சிக்கந்தர் கோயமுத்தூர்ல இருந்து வேற கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, கம்பெனியில இருந்து வந்த மாதிரியே எல்லாத்தையும் வச்சுக் கொடுத்தான். நேத்துதான் வண்டி கைக்கு வந்துச்சு. ‘அண்ணே, இனிமே இதுல கேபிளைச் செருகாதீங்க’ன்னான். சரின்னுட்டேன். அஞ்சு மாச வேலை, அந்த நோட்டு, எல்லாம் போச்சு. மறுபடி ஜூன் மாசத்துல நிக்கறேன்.

இருபத்திரண்டாவது வளைவு. சார், ஒரு உதவி. அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் திறங்களேன். கேபிள் சும்மாதான் செருகி இருக்கு, எழுதமாட்டேன், பார்க்கறது மட்டும். இடது பக்கம் மூணாவது கட்டத்துல என்ன நம்பர்? குனிஞ்சு பாருங்க, எழுத்து சின்னது. பதினொண்ணா? திரும்பும்போது எவ்வளவு வருதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க. இடையில ஒண்ணு கேட்கறேன், ஆழியாறு அணை எந்த வருஷம் கட்டினாங்க?

என்ன சார், இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஜன்னலா? இருங்க, நானே இறக்கறேன். உங்க பக்கத்துப் பட்டன் வேலை செய்யாது. அன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம் லாக் பண்ணி வச்சிருக்கேன். முன்னாடி அந்தப் பையில பாலித்தீன் கவர் இருக்கு, எடுத்துக்கங்க. பார்த்தீங்களா, நீங்க பெரியவர், உங்களுக்கே வெட்டு தெரியுது. நான் சொன்னா யார் நம்பறாங்க.

நேத்து வீட்டுல பேச்சு வந்துச்சு. நாளைக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னேன். ரோசலின் பாத்திரம் கழுவிக்கிட்டே, ‘ஏங்க, கேள்வி கேட்கறது உங்களுக்குப் பிடிக்கும்ல, இதையும் அவகிட்டயே கேளுங்க’ன்னா. கேட்கலாமே. எனக்கென்ன பயம்?

இன்னைக்கு அஞ்சே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டுல வண்டியைக் கொண்டு போய் பஸ்ஸுக்குப் பக்கத்துலயே நிறுத்தினேன். முன் சீட்டைத் துடைச்சு, அவளுக்குப் பிடிச்ச தலையணை வச்சிருந்தேன். அவ பையை மாட்டிக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல நின்னா. பஸ்ல டிரைவர் ஏறி உட்கார்ந்துட்டார். நான் எல்லாத்தையும் தெளிவா எடுத்துச் சொன்னேன். இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு பாப்பா. நீ நம்பர் வாசிக்க வேண்டாம், லேப்டாப் பின் சீட்ல இருக்கட்டும். கேள்வியும் நாற்பது வேண்டாம், இருபது போதும், வளைவு விட்டு வளைவு. வாந்தி வந்தா அப்பா நிறுத்தறேன். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு. காரா, பஸ்ஸா?

‘பஸ்’னா. ஏறி, இடது பக்கம் நாலாவது ஜன்னல்ல உட்கார்ந்தா.